மழையைப் ‘பார்த்தேன்’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்த வினை?

மழைத்துளி எழுதியது:

வணக்கம். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகளின் ஆங்கிலத் தேர்வுத் தாளைப் பற்றி இங்கே கேட்க வேண்டும் என்று இரண்டு நாள்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். தமிழ் வாக்கியங்களை ஆங்கிலத்தில் எழுதச் சொன்ன பகுதியில், மழையைப் பார்த்தேன் என்று வரும் ஒரு வாக்கியத்துக்கு அவள் ‘ஐ ஸா தி ரெயின்’ என்று எழுதியிருக்கிறாள். ஆசிரியர் ‘ஸா’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, அதன்மேல் ‘வாட்ச்ட்’ என்று எழுதி ஒரு மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறார். வீட்டிலிருக்கும் அகராதியைப் புரட்டினால் ஸீ, லுக், வாட்ச் ஆகிய மூன்றுக்கும் முதற்பொருளாகப் ‘பார்’ என்றே போட்டிருக்கிறது. மதிப்பெண் போனது பெரிதில்லை. “எது தவறு அம்மா?” என்று அவள் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்பதுதான் உறுத்துகிறது. ‘சீ’ என்று எழுதினால் வேறு பொருள் வந்துவிடுவதால் ‘ஸீ’ என்று எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கரும்பலகை எழுதியது:

அம்மா, 31 ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்டிருக்கிறார். ஸீ என்பது நாம் முயலாமலே கண்ணுக்குள் வந்து சேர்வது. லுக் என்பது நாமே கண்ணை ஒரு பக்கம் திருப்புவது. வாட்ச் என்பது திருப்பிய கண்ணை எடுக்காமல், அசைகிற, மாறுகிற ஒன்றைத் தொடர்ந்து கவனிப்பது. மின்சாரம் போன இருட்டறையில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் லுக் செய்யலாம், ஆனால் எதையும் ஸீ செய்ய முடியாது.

பழந்தமிழுக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ‘யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால் தான்நோக்கி மெல்ல நகும்’ என்ற குறளில் நான்கு முறை வரும் நோக்குதல் முழுவதும் லுக் ஆகும். அவள் வேண்டுமென்றே நிலத்தின்மேல் கண்ணைப் போடுகிறாள், வேண்டுமென்றே எடுக்கிறாள். அந்த இடத்தில் ‘காணும்’ என்று வைத்துப் பாருங்கள், நாணம் முழுவதும் காணாமல் போய்விடும். மாறாக, சீதையைத் தேடிச் சென்று திரும்பிய அனுமன், கம்பனின் வாக்கில், இராமனிடம் சொல்லும் முதற்சொல் ‘கண்டனென்’ என்பது. அங்கே ‘நோக்கினென்’ என்று தொடங்கியிருந்தால் இராமன் இன்னும் ஒரு கணம் தவித்திருப்பான். இன்றைய உரைநடையில் காண், நோக்கு இரண்டும் ஒதுங்கிக்கொண்டு, பார் என்ற ஒரே வினை இரண்டு வேலைகளையும் எடுத்துக்கொண்டதால்தான் நம் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள்.

மூக்குக்கண்ணாடி எழுதியது:

இலக்கியம் வரை போக வேண்டியதில்லை, ஐயா. நான் கண் பரிசோதனை செய்பவள். எங்கள் அறையில் இந்த வேறுபாடு நாள் முழுவதும் பேச்சுத் தமிழிலேயே நடக்கிறது. வருபவரிடம் “பலகையைப் பாருங்கள்” என்கிறேன், பிறகு “கீழ் வரி தெரிகிறதா?” என்று கேட்கிறேன். “கீழ் வரியைப் பார்க்கிறீர்களா?” என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால், அவர் “பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், தெரியத்தான் இல்லை” என்று சரியாகவே பதில் சொல்வார். அந்த விடையில் முதல் வினை லுக், இரண்டாவது ஸீ. நெதர்லாந்து மருத்துவர் ஸ்னெல்லன் 1862இல் வெளியிட்ட எழுத்துப் பலகையின் வழியில்தான் இன்றும் பார்வையை அளக்கிறோம். 6/60 என்று சீட்டில் எழுதினால், இயல்பான கண்ணுக்கு 60 மீட்டர் தொலைவிலேயே தெரியும் எழுத்து இவருக்கு 6 மீட்டரில்தான் தெரிகிறது என்று பொருள். அந்த எண் அளப்பது ஸீ என்பதை மட்டுமே; லுக் என்பதில் எல்லோருக்கும் முழு மதிப்பெண்தான்.

ஆகவே உங்கள் மகளுக்கு ஒரு எளிய சோதனை சொல்கிறேன். தமிழ் வாக்கியத்தில் ‘பார்க்கிறேன்’ என்பதை எடுத்துவிட்டு ‘எனக்குத் தெரிகிறது’ என்று போட்டுப் பார்க்கட்டும். பொருள் கெடாமல் நின்றால் ஸீ. கெட்டால் மற்ற இரண்டில் ஒன்று. ‘ஐ ஆம் ஸீயிங் தி ஹில்’ என்று நம்மவர்கள் எழுதும் பிழையும் இதனால் குறையும், ஏனென்றால் ‘மலை தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று நாமும் சொல்வதில்லை. ஆங்கிலேயர் அதை ‘ஐ கேன் ஸீ தி ஹில்’ என்பார்கள்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

இருவர் சொன்னதும் அழகாக இருக்கிறது, ஆனால் விதி ஓட்டையாக இருக்கிறது. மருத்துவரைப் பார்ப்பதற்கு ஆங்கிலத்தில் ஸீ என்பதே வினை. முன்பதிவு செய்து, வரிசையில் காத்திருந்து, கட்டணமும் கொடுத்து ஒருவரைப் பார்ப்பது முயலாமல் கண்ணுக்குள் வந்து விழுவதா? ‘எனக்கு மருத்துவர் தெரிந்தார்’ என்றா சொல்வோம்? ‘கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்’ என்று ஏவுவதற்கும் ‘ஸீ இஃப் தி டோர் இஸ் லாக்ட்’ என்றுதான் வருகிறது. தானாக நிகழ்வதை யாராவது ஏவ முடியுமா? திரைப்படத்தையும் ஸீ என்கிறார்கள். கரும்பலகை ஐயா சொன்ன ‘முயலாமலே’ என்ற சொல்லைத் திரும்பப் பெற வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கரும்பலகை எழுதியது:

திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். வகுப்பறையில் வசதிக்காகச் சொல்லிச் சொல்லி அதுவே விதி என்று எனக்கும் பழகிவிட்டது. சரியாகச் சொல்வதென்றால் இந்த வேறுபாட்டின் வேர் விருப்பத்தில் இல்லை, விளைவில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு மெய்யியலர் கில்பர்ட் ரைல் 1949இல் வினைகளை இப்படித்தான் பிரித்தார்: ஓடுவது ஒன்று, வெல்வது வேறொன்று, தேடுவது ஒன்று, கண்டுபிடிப்பது வேறொன்று. வெல்வது என்பது ஓட்டத்தோடு சேர்த்து நாம் செய்யும் இன்னொரு செயலன்று, அந்த ஓட்டம் எய்திய முடிவு. லுக் செய்வது ஓட்டம், ஸீ செய்வது வெற்றி. அந்த வெற்றி முயன்றும் வரலாம், முயலாமலும் வரலாம். கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஏவும்போது, கண்ணைத் திருப்புவதோடு நில்லாமல் விடையோடு வா என்று ஏவுகிறோம். மருத்துவரைப் பார்த்தேன் என்பதிலும் சந்திப்பு நடந்து முடிந்தது என்பதே செய்தி. மருத்துவமனை வாசலில் நின்று கண்ணாடிக் கதவு வழியே அவரை நோக்கிவிட்டு வந்தால் ‘ஐ லுக்ட் அட் தி டாக்டர்’ என்று மட்டுமே சொல்லலாம். சளி அப்படியே இருக்கும்.

நல்லூர்வாசி எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு சிறு சேர்க்கை. வாட்ச் என்ற சொல் பழைய ஆங்கிலத்தில் விழித்திருத்தலைக் குறித்த வினையிலிருந்து வந்தது. உறக்கத்திலிருந்து எழுவதைக் குறிக்கும் வேக் என்ற சொல்லும் அதே வேரைச் சேர்ந்தது. இரவில் உறங்காமல் காவல் இருப்பவர் வாட்ச்மேன். கப்பலில் மாலுமிகள் முறை வைத்துக் காவல் நிற்கும் நேரத்துக்கும் வாட்ச் என்றே பெயர். அது வழக்கமாக நான்கு மணி நேரம். தமிழிலும் விழி என்பது கண், விழித்தல் என்பது உறங்காதிருத்தல் என்று இரண்டும் ஒரே சொல்லில் நிற்பதை எண்ணிப் பார்த்தால் இந்த வினையின் உள்ளிருப்பது புலப்படும். அதில் கண்ணைக் காட்டிலும் காவல்தான் முதன்மை. பிள்ளையை வாட்ச் செய்யச் சொன்னால் அதன் அழகை இரசிக்கச் சொல்லவில்லை, கிணற்றடிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

அப்செர்வ் என்பதற்கு எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளிலும் பாடநூல்களிலும் ‘அவதானித்தல்’ என்ற சொல் நன்றாக ஊன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் ‘கவனித்தல்’, ‘உற்றுநோக்கல்’ என்று எழுதுகிறீர்கள். கவனித்தல் என்பது நோட்டிஸ் என்பதற்கும் போய்விடுவதால், குறிப்பெடுக்கும் நோக்கத்தோடு முறையாகப் பார்ப்பதற்கு அவதானித்தலே பொருத்தம் என்பது என் எண்ணம். இதில் ஊர்ப்பற்றும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

மழைத்துளி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். தேர்வில் இருந்த தமிழ் வாக்கியம் முழுமையாக என்ன? ‘மழையைப் பார்த்தேன்’ என்பது மட்டுமே என்றால் ஆசிரியர் அடித்தது தவறு என்று வாதாட நான் அணியமாக இருக்கிறேன். வெளியே வந்தேன், மழை பெய்வது கண்ணில் பட்டது என்ற பொருளில் ஸீ முற்றிலும் சரி.

மழைத்துளி எழுதியது:

தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ‘நேற்று ஜன்னல் அருகே உட்கார்ந்து ஒரு மணி நேரம் மழையைப் பார்த்தேன்’ என்று இருக்கிறது. முதலிலேயே முழுமையாக எழுதாமல் விட்டது என் தவறு. பார்த்தேன் என்ற சொல்லில்தான் சிக்கல் என்று நினைத்துவிட்டேன்.

கரும்பலகை எழுதியது:

அந்த ‘ஒரு மணி நேரம்’தான் தீர்ப்பு. ஆசிரியர் அடித்தது சரி. 1957இல் ஸீனோ வெண்ட்லர் என்ற மெய்யியலர் வினைகளைக் கால அளவைக் கொண்டு வகைப்படுத்திக் கட்டுரை எழுதினார். சில வினைகள் நேரத்தில் நீள்பவை, ஓடுவதைப் போல. சில ஒரு நொடியில் நிகழ்ந்து முடிபவை, மலையுச்சியை அடைவதைப் போல. சில நிலைகள், தெரிந்திருப்பதைப் போல. லுக், வாட்ச் இரண்டும் நீள்பவை. ஸீ என்பதோ ஒன்று நொடியில் நிகழ்வது, இல்லையேல் ஒரு நிலையாக இருப்பது. ‘ஒரு மணி நேரம்’ என்று அளந்து சொன்னவுடன், இடைவிடாமல் செய்த ஒரு செயலை ஆங்கிலம் எதிர்பார்க்கிறது. மழையோ அசைந்துகொண்டே இருப்பது, ஆகவே வாட்ச். அதே ஜன்னலில் உட்கார்ந்து அசையாத ஓர் ஓவியத்தை ஒரு மணி நேரம் பார்த்திருந்தால் ‘லுக்ட் அட்’ என்றே எழுதியிருக்க வேண்டும்.

இதையும் தமிழ்க் காதால் சோதிக்கலாம். ‘ஒரு மணி நேரம் பார்த்தேன்’ இயல்பாக நிற்கிறது; ‘ஒரு மணி நேரம் கண்டேன்’ நொண்டுகிறது.

திரைப்படம் பற்றிய ஏட்டுச்சுரைக்காயின் கேள்வி நிலுவையில் இருக்கிறது. இரண்டு மணி நேரம் ஓடுவதை ஏன் ஸீ என்கிறார்கள் என்றால், அங்கே படம் முழுவதையும் ஒரே அனுபவமாக மடித்து, அது கிடைத்ததா இல்லையா என்று மட்டும் கேட்கிறார்கள். அந்தப் படத்தைப் பார்த்தாயிற்றா என்று நாம் கேட்பதும் அதே நோக்கில்தான். வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் நடுவில் யாராவது அழைத்தால், வாட்ச் செய்துகொண்டிருக்கிறேன் என்பதே விடை. ‘ஐ ஆம் ஸீயிங் எ மூவி’ என்று அப்போது சொல்வதில்லை.

இடைவரி எழுதியது:

நான் ஆவணங்களையும் அவ்வப்போது கதைகளையும் மொழிபெயர்ப்பவள். கரும்பலகை ஐயா சொன்ன விளைவு, நேரம் என்ற இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் சிறிய வினைகளின் சிக்கலும் அவிழ்கிறது. கிளான்ஸ், கிளிம்ப்ஸ் இரண்டுக்கும் பல ஆண்டுகளாக ‘கணநேரம் பார்த்தாள்’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன். ஒருமுறை, கூட்டத்தில் தன் தம்பியை ஒருத்தி கிளிம்ப்ஸ் செய்ததை ‘ஓரக்கண்ணால் பார்த்தாள்’ என்று எழுதிவிட்டேன். தம்பியை எதற்கு ஓரக்கண்ணால் பார்க்கிறாள் என்று கேட்டுப் பதிப்பாசிரியர் திருப்பி அனுப்பினார். அன்று முழுவதும் அந்த ஒரு வரியோடு உட்கார்ந்திருந்தேன். கிளான்ஸ் என்பது குறுகிய லுக்: கையெழுத்துப் போடும் முன் கடிகாரத்தின்மேல் கண்ணை ஓட்டுவது, நாமே செய்வது. கிளிம்ப்ஸ் என்பது குறுகிய ஸீ: ஓடும் இரயிலின் ஜன்னலில் ஒரு முகம் தோன்றி மறைவது, நமக்கு நேர்வது. ஆகவே முன்னதற்கு ‘ஒரு பார்வை பார்த்தாள்’ என்றும், பின்னதற்கு ‘ஒரு கணம் அவள் கண்ணில் பட்டான்’ என்றும் எழுதத் தொடங்கினேன். பட்டவன் எழுவாயாகிவிடுகிறான், பார்த்தவள் வெறும் கண்ணாக ஒதுங்கிவிடுகிறாள். கிளிம்ப்ஸ் என்ற சொல்லுக்குள் இருப்பது அதுதான். கேட்பதிலும் ‘காதில் விழுந்தது’ என்று நமக்கு இதே ஏற்பாடு இருக்கிறது.

ஸ்டேர் என்று கண்டவுடன் ‘முறைத்தான்’ என்று எழுதுவது இன்னொரு பொதுவான பிழை. முறைப்பதில் சினம் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் கிளேர் என்று தனி வினை இருக்கிறது. ஸ்டேர் என்பதில் சினம் கட்டாயமில்லை. வியப்பால், திகைப்பால், வெறுமையால், நாகரிகக் குறைவால் என எதனால் வேண்டுமானாலும் கண் ஓரிடத்தில் குத்திட்டு நிற்கலாம். சுவரை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் செய்வதும் ஸ்டேர்தான். கெய்ஸ் என்பதும் நெடுநேரப் பார்வை, ஆனால் அதில் ஈர்ப்போ கனவோ இருக்கும். கைக்குழந்தையின் முகத்தைத் தாய் இமைகொட்டாமல் பார்ப்பது அது. கண்ணை இடுக்கிக்கொண்டு சிரமப்பட்டுப் பார்ப்பது பியர், திரைக்குப் பின்னிருந்து எட்டிப் பார்ப்பது பீப். விட்னஸ் என்பது குற்றம், விபத்து, வரலாற்று நிகழ்வு போன்றவற்றைக் கண்ணால் கண்டதற்கு.

இந்தப் பட்டியலை ஒப்பிக்கச் சொல்வதைவிட ஒரு பயனுள்ள அடையாளத்தைக் காட்டலாம். லுக், கிளான்ஸ், ஸ்டேர், கெய்ஸ், கிளேர், பியர், பீப் ஆகியவை பார்க்கப்படும் பொருளுக்கு முன் பெரும்பாலும் ‘அட்’ என்ற இடைச்சொல்லைக் கேட்கின்றன. ஸீ, வாட்ச், நோட்டிஸ், அப்செர்வ், விட்னஸ் ஆகியவை பொருளை நேரடியாகவே பற்றிக்கொள்கின்றன. முதற்கூட்டத்தில் கண் ஓர் இலக்கை நோக்கி அனுப்பப்படுகிறது, போய்ச் சேர்ந்ததா என்பது வேறு செய்தி. இரண்டாம் கூட்டத்தில் பொருள் பிடிபட்டுவிட்டது. ‘நாய் அவனைப் பார்த்துக் குரைத்தது’, ‘அவளைப் பார்த்துச் சிரித்தான்’ என்னும் தொடர்களை ஆங்கிலத்தில் எழுதினால், நம்முடைய ‘பார்த்து’ அங்கே ‘அட்’ ஆகிவிடுவதைக் காணலாம். அந்த நாய் கண்ணை மூடிக்கொண்டு குரைத்தாலும் அவனைப் பார்த்துத்தான் குரைக்கிறது.

மழைத்துளி எழுதியது:

மகள் பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். “கோபமாகப் பார்த்தாள்” என்பதை ‘ஷி லுக்ட் ஆங்ரி’ என்று எழுதலாமா என்று கேட்கச் சொல்கிறாள்.

இடைவரி எழுதியது:

அது ‘கோபமாகத் தெரிந்தாள்’ என்று ஆகிவிடும், கண்ணே. கோபமாகப் பார்த்தாள் என்றால் ‘ஷி லுக்ட் ஆங்ரிலி அட்’ என்று எழுதி, யாரை என்றும் சொல்ல வேண்டும். லுக் என்ற வினை, பார்ப்பவருக்கும் பார்க்கப்படுபவருக்கும் பொதுவாக இருப்பதால் வரும் சிக்கல் இது. பார்ப்பவர் என்றால் ஆங்ரிலி, தோற்றம் என்றால் ஆங்ரி. தமிழில் ‘கோபமாக’ என்பது இரண்டு இடத்திலும் ஒன்றாகவே இருப்பதால் வினையை மாற்றிக்கொள்கிறோம்.

ஆவணம் மொழிபெயர்ப்போர் யாரேனும் இருந்தால் அவர்களுக்கும் ஒரு சொல்: ‘ஐ ஸா ஹிம் கிராஸ் தி ரோடு’ என்றால் அவர் சாலையைக் கடந்து முடித்ததுவரை கண்டேன் என்று பொருள்; ‘கிராஸிங்’ என்றால் கடந்துகொண்டிருந்த நிலையில் கண்டேன், முடித்தாரா என்பது சொல்லப்படவில்லை. ‘கடப்பதைப் பார்த்தேன்’ என்று இரண்டையும் ஒன்றாக எழுதினால் விபத்து வழக்கில் முழுக் கதையும் மாறிவிடலாம். ‘கடந்து சென்றதைப் பார்த்தேன்’, ‘கடந்துகொண்டிருந்தபோது பார்த்தேன்’ என்று பிரித்தே எழுதுகிறேன்.

அயல்வாசி எழுதியது:

இங்கிலாந்துக்கு வந்த புதிதில், எனக்கு ஊரில் பெண் பார்க்கிறார்கள் என்பதை அலுவலகத்தில் சொல்ல நினைத்து, ‘மை பேரண்ட்ஸ் ஆர் ஸீயிங் எ கேர்ள் ஃபார் மீ’ என்று சொல்லிவிட்டேன். ஸீ என்பது தொடர்வினையாக வந்து ஓர் ஆளைச் சுட்டினால் காதலித்துப் பழகுவதைக் குறிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. என் பெற்றோரின் இல்லறம் குறித்து நண்பர்கள் சற்றுநேரம் கவலைப்பட்டார்கள். ‘லுக்கிங் ஃபார் எ பிரைடு’ என்று சொல்லியிருக்க வேண்டும். தேடிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் அமையவில்லை. லுக் என்பதன் இயல்பு அதில் அப்படியே இருக்கிறது.

மூக்குக்கண்ணாடி எழுதியது:

கரும்பலகை ஐயாவின் ஓட்டம், வெற்றி உவமையில் எனக்கு ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1999இல் வெளியிட்ட சோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். கூடைப்பந்தை ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடும் காணொளியைக் காட்டி, வெள்ளைச் சட்டை அணிந்தவர்கள் எத்தனை முறை எறிந்தார்கள் என்று எண்ணச் சொன்னார்கள். நடுவில் கொரில்லா உடை அணிந்த ஒருவர் நடந்து வந்து, நின்று, மார்பில் தட்டிக்கொண்டு போனார். பார்த்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அப்படி ஒன்று வரவே இல்லை என்றார்கள். பின்னர் கண்ணசைவைப் பதிவு செய்து பார்த்த ஓர் ஆய்வில், மறுத்தவர்களின் கண்களும் கொரில்லாவின்மேல் பதிந்திருந்தது தெரியவந்தது. அவர்கள் வாட்ச் செய்தார்கள், லுக்கும் செய்தார்கள். விழித்திரையில் உருவமும் விழுந்தது. என் பலகையில் அவர்களை உட்கார வைத்தால் 6/6 வாங்குவார்கள். அவர்கள் கொரில்லாவை ஸீ செய்தார்களா, இல்லையா?

ஏட்டுச்சுரைக்காய் எழுதியது:

ஸீ செய்தார்கள், நோட்டிஸ் செய்யவில்லை. கண் வேலையை முடித்துவிட்டது, கருத்து வரவில்லை.

கரும்பலகை எழுதியது:

நான் ஒப்பமாட்டேன். அவர்களிடம் ‘டிட் யூ ஸீ தி கொரில்லா?’ என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், ஆங்கிலம் பேசும் எவரும் அந்த விடையைப் பொய் என்று சொல்லமாட்டார். சாலை விபத்து ஆய்வாளர்களும், ஓட்டுநர் திரும்பிப் பார்த்தும் வந்த வண்டி கருத்தில் பதியாமல் நேரும் விபத்துகளை ‘லுக்ட் பட் ஃபெயில்ட் டு ஸீ’ என்ற பெயரால்தான் குறிக்கிறார்கள். ஒளி கண்ணில் விழுவது மட்டுமே ஸீ என்றால் அந்தப் பெயருக்கே பொருளில்லாமல் போகும். புரிந்தது என்பதற்கு ஆங்கிலேயர் ‘ஐ ஸீ’ என்பதும், கண்ணுக்குப் புலப்படுவதற்கும் அறிந்திருப்பதற்கும் நாம் ‘தெரிகிறது’ என்ற ஒரே வினையை வைத்திருப்பதும் இந்த இடத்தில் வந்து சேர்கின்றன.

ஆனால் மூக்குக்கண்ணாடி அம்மாவின் தொழிலில் ஸீ என்பது கண்ணின் திறனை மட்டுமே குறிக்கிறது என்பதையும் மறுக்க முடியவில்லை. ஆகவே இந்த வினைக்கு இரண்டு எல்லைகள் இருப்பதாக வைத்துக்கொள்கிறேன். ஏட்டுச்சுரைக்காய் ஒன்றில் நிற்கிறார், நான் மற்றொன்றில் நிற்கிறேன்.

மழைத்துளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மதிப்பெண் குறித்து ஆசிரியரிடம் பேசும் எண்ணத்தை விட்டுவிட்டோம். மகள் இப்போது வீட்டில் சொல்லும் ஒவ்வொரு ‘பார்’ என்பதையும் ஆங்கிலத்தில் என்னவென்று கேட்கத் தொடங்கியிருக்கிறாள். ‘வேலை பார்க்கிறார்’ என்பதில் பார்ப்பதே இல்லை என்று அவளே கண்டுபிடித்தாள். ‘சாப்பிட்டுப் பார்’ என்பதற்கு ட்ரை போதும் என்று முடிவு செய்தோம். இன்று காலை பள்ளிக்குக் கிளம்பும்போது வழக்கம்போல் “பார்த்துப் போ” என்றேன். அதற்கு என்ன என்று கேட்டாள், எனக்கு ‘ஸீ அண்ட் கோ’ என்பதைத் தவிர வேறெதுவும் வரவில்லை.

கரும்பலகை எழுதியது:

வழியனுப்பும் சொல்லாக என்றால் ‘டேக் கேர்’. பிரித்தானியர் ‘மைண்ட் ஹௌ யூ கோ’ என்றும் சொல்வார்கள். மழை பெய்து படி வழுக்கிக்கொண்டிருந்தால் ‘வாட்ச் யுவர் ஸ்டெப்’.